சட்டையைத் திருப்பிப் போட்டவர்

இன்று காலை சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டேன். தையல் வெளியே, பை உள்ளே. மதுரையில் மகன் குடியிருக்கும் அடுக்குமாடியில் எங்களுக்கு ஆறாவது மாடி. லிஃப்டில் இரண்டு பேர் கூட வந்தார்கள். கேட்டில் வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். பால் பூத்தில் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகு என் மனைவிதான், "இப்படியேவா ஊரைச் சுத்திட்டு வந்தீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கம் வரவில்லை. போடியில் நான் பழகிய ஒருவரின் ஞாபகம்தான் வந்தது. அவர் இங்கே இருந்திருந்தால் இந்தக் கட்டடத்துக்கே மார்க் போட்டிருப்பார். முட்டைதான் போட்டிருப்பார்.

அவர் போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் காய்த் தரம் பார்க்கிறவர். ஒரு கைப்பிடி காயை அள்ளி உள்ளங்கையில் உருட்டினால் போதும், எந்த மலையில் விளைந்தது, எத்தனை நாள் முன்னால் காய வைத்தது, எத்தனை எம்.எம். என்று சொல்லிவிடுவார். எட்டு எம்.எம். சல்லடையில் விழாமல் நிற்கிற காய்தான் முதல் தரம். அதற்குக் கீழே ஏழு, அதற்கும் கீழே ஆறு. ஆறுக்குக் கீழே உள்ளதை அவர் ஏலக்காய் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். இந்தப் புத்தி மண்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனுசரையும் அதே சல்லடையில்தான் போட்டுச் சலிப்பார்.

எனக்கு அப்போது ஜீப்பு ஸ்டாண்டுத் தெரு முனையில் ஜெராக்ஸ் கடை. கேட்டு வருகிறவர்களுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுப்பதும் உண்டு. ஒரு நாள் காலை இவர் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். வழித்துச் சீவிய தலை, நெற்றியில் விபூதி, மடிப்புக் கலையாத வேட்டி. சட்டை மட்டும் திருப்பிப் போட்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு முகத்தை நேராக வைத்துக்கொண்டேன். அடுத்தவர் சங்கதியில் தலையிடாதவன் என்று எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டு திரிந்த காலம் அது.

"வீடு வேணும்ணே."

"மாடியா, கீழயா? தண்ணி வசதி எப்பிடிப் பாக்குறீங்க?"

"தண்ணி கெடக்கட்டும். நல்லா வம்பு பேசுற தெருவா இருக்கணும்."

"என்னது?"

"எதுத்த வீட்டுக்காரங்க எட்டிப் பாக்குறவங்களா இருக்கணும். யாரு வந்தாலும் போனாலும் எங்க, எதுக்கு, யாரு கூடன்னு கேக்கணும். அப்பிடித் தெரு எது இருக்கு?"

வீடு தேடி வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது இதற்கு நேர் எதிர். "அக்கம்பக்கம் தொந்தரவு இருக்கக்கூடாதுண்ணே" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். இவர் மஃப்டியில் வந்த போலீசோ என்றுகூட நினைத்தேன். அவரோ கடைக்குள்ளேயே சட்டையைக் கழற்றி, நிதானமாக நேராக்கி மாட்டிக்கொண்டார்.

"கால் மணி நேரமா உங்க முன்னாடி நிக்கிறேன். சட்டையப் பத்தி ஒரு வார்த்த சொல்லல நீங்க. கோவிச்சுக்காதீங்க, நீங்க ஆறு எம்.எம்.ணே."

கோபம் வந்தது. ஆனாலும் வீடு காட்டினேன். முதலில் காட்டியது ஊருக்கு வெளியே நான் குடியிருந்த நகரிலேயே ஒரு புது வீடு. ஆள் உயரச் சுற்றுச்சுவர், இரும்புக் கேட், பின்னால் பார்த்தால் மலை. அவர் வீட்டுக்குள்ளேயே போகவில்லை. மறுபடி சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பிள்ளை நடக்கிற வேகத்தில் நடந்தார். காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கேட்டைச் சாத்திக்கொண்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"வேணாம்ணே. இங்க கேட்டுத்தான் இருக்கு, ஆளு இல்ல."

மூன்றாவது வீட்டையும் இப்படியே தள்ளியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. வண்டியை ஓரங்கட்டி, "உங்களுக்கு என்னதான்யா பிரச்சின?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. "இப்பத்தான் கேக்குறீங்க" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டிலிருந்து இறங்கி நின்று பேசினார்.

அவருக்கு ஒரே மகள், தர்ஷினி. அப்போது பத்து வயது. ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். கதவு திறந்திருந்தால் நடக்க ஆரம்பித்துவிடுவாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். லாரி வந்தால் ஒதுங்கத் தெரியாது. யாரிடமும் வழி கேட்க மாட்டாள், பேச்சும் கிடையாது.

"மொதல்ல மலையில எஸ்டேட்டு வீட்டுல இருந்தோம். சத்தமில்லாத எடமா இருந்தா புள்ளைக்கு நல்லதுன்னாங்க. ஏலச்செடி ஆளு ஒசரம் நிக்கும்ல, ஒருநாள் அதுக்குள்ள போயிட்டா. நாலு மணி நேரம் கத்துனோம்ணே. ஓடையில தண்ணி போறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நாங்க கத்துனது கேட்டுருக்கும். திரும்பணும்னு தோணல, அம்புட்டுத்தான். ஓட இன்னும் பத்தடி தள்ளி ஆழம்."

"மதுரையில இந்த மாதிரிப் புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமெல்லாம் இருக்கே?"

"இருந்தோம்ல, நாலு மாசம். மச்சினன் வீடு பாத்துக் குடுத்தாரு. நல்ல பயிற்சி. ஆனா ஒருநாள் லிஃப்டுல ஏறி எறங்கி, கேட்டத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் போயிட்டா. எத்தன பேரு பாத்துருப்பாங்க? ஒருத்தரும் கேக்கல. நல்ல மனுசங்கதான், கேக்கக்கூடாதுன்னு இருக்காங்க."

சொந்த ஊரான சிலமலையில் அவருக்குப் பெரிய வீடும் பங்காளிகளும் உண்டு. அங்கேயாவது போகலாமே என்றேன். "காலையில பத்து மணிக்கு மேல ஊருல நாயும் கோழியுந்தாண்ணே இருக்கும். எல்லாரும் காட்டுல நிப்பாங்க. பொழுது சாய வந்து, பாவம் பாவம்னு தலையத் தடவுவாங்க. அவளுக்குத் தலையத் தொட்டா ஆகாது."

எனக்கு அதற்கப்புறம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் கடை முனையில் தொடங்கும் ஜீப்பு ஸ்டாண்டுத் தெருவில் ஒரு மாடி வீடு வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அந்தத் தெருவில் குடியிருக்க யாரும் வர மாட்டார்கள். விடியற்காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்புகளின் உறுமல் ஒரு காரணம். தெருக்காரர்களின் வாய் இன்னொரு காரணம். எதிர்வீட்டு வாசலில் பணியாரம் சுட்டு விற்கிற அக்கா ஒருவர் இருந்தார். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அவருக்கு அடுப்பில் ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடந்தார் மனிதர். நாலு வீடு தாண்டவில்லை. "அண்ணே, சட்டை!" என்றார் ஒரு ஜீப்பு டிரைவர். "அப்பு, வீட்டுல எதும் சண்டையா?" என்று கேட்டார் டீக்கடைக்காரர். தெருவின் மறுகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினோரு பேர் சொல்லிவிட்டார்கள். பணியார அக்கா கரண்டியோடு எழுந்தே வந்துவிட்டார். "யாரு நீங்க? யாரு வீட்டுக்கு வந்தீக? சட்டையக் கழத்துங்க, இப்பிடியேவா சோலிக்குப் போறது? ஒங்க வீட்டம்மா பாக்கலியா?"

அவர் என் பக்கம் திரும்பி, கண்கள் பளபளக்க, "எட்டு எம்.எம்.ணே" என்றார். ஒரு தெருவைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

குடிவந்த மறுநாளே வீடுவீடாகப் போனார். மகளைக் காட்டி, பாடம் நடத்தினார். "கூப்பிடாதீங்க, திரும்ப மாட்டா. கையப் புடிக்காதீங்க, பயந்துருவா. பக்கத்துலயே நடங்க. ஜீப்பு ஸ்டாண்டு வந்ததும் நீங்க மெதுவாத் திரும்புங்க, அவளும் திரும்பிருவா." படம் ஒட்டலாமே, நானே ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றேன். "வேணாம்ணே, காணாமப் போன புள்ள மாதிரி ஆயிரும்" என்று மறுத்துவிட்டார்.

பாடம் நடத்தினால் பரீட்சையும் வைக்கவேண்டுமே. வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்து மகளை அனுப்பிவிட்டு, நிற்கிற ஜீப்புக்குப் பின்னால் குந்தி ஒளிந்துகொண்டு, யார் கவனிக்கிறார்கள் என்று பார்ப்பார். அவர் ஒளிந்திருப்பது தெருவுக்கே தெரியும். தெரியாத மாதிரி பாவனை செய்து, அந்தப் பிள்ளையோடு நடந்து, திரும்பிக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஒருநாள் அவர் மறைந்திருந்த ஜீப்பு லோடு ஏறிக் கிளம்பிவிட்டது. நடுரோட்டில் குந்திய நிலையிலேயே அகப்பட்டுக்கொண்டார். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல டீக்கடைக்காரரிடம், "நேத்து ஏழு, இன்னைக்கு ஏழரை" என்று மார்க் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மனைவிக்கு இந்தத் தெருவே பிடிக்கவில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். சனிக்கிழமை தோறும் பிள்ளையை மதுரைக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போவார்கள். காலை ஆறு மணிக்குத் தோளில் பையோடு அம்மாவும் மகளும் படியிறங்கினால், வாசலுக்கு வாசல் கேள்வி. "எங்க கெளம்பிட்டீக?" "மருதைக்கா?" "இன்னைக்குமா?" ஒரு காரியமாகக் கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்கக்கூடாது என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதல் சனிக்கிழமை ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் பஸ் பழுதாகி நின்றது. அடுத்த சனிக்கிழமை பயிற்சி கொடுக்கிற டீச்சர் வரவில்லை. மூன்றாவது வாரம் பிள்ளை பஸ்ஸிலேயே அலறித் தீர்த்துவிட்டது. நாலாவது வாரம் அந்தம்மா தெரு நடுவில் நின்று சொல்லிவிட்டார்.

"கையெடுத்துக் கும்புடுறேன், கெளம்புறப்ப எங்கன்னு கேக்காதீங்கக்கா. போற காரியம் வெளங்க மாட்டேங்குது."

தெருவுக்குச் சுருக்கென்று இருந்தது. சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து தோளில் பையைப் பார்த்தால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். பணியார அக்கா முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்வார், வாய் தன்னால் கேட்டுவிடுமோ என்ற பயம். இவர்தான் பதறினார். "கேக்கச் சொல்லித்தானே இங்க வந்தோம்" என்று மனைவியிடம் கெஞ்சினார். அந்தம்மா அசையவில்லை. எட்டு எம்.எம். தெருவை ஒரே வார்த்தையில் ஏழாக்கிவிட்டாளே என்று என் கடையில் வந்து உட்கார்ந்து புலம்பினார். நான் சிரித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் போன் செய்து, நாளைக்கு வகுப்பு இல்லை என்று சொல்லியிருக்கிறார். மகளிடமும் சொன்னார்களாம். அவளுக்குச் சனிக்கிழமை என்றால் பை, பஸ், டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டு. காலை ஆறு மணிக்கு அவளே கவுன் மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அம்மா அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாரத்தில் அவர்களுக்குத் தூங்கக் கிடைத்த ஒரே காலை.

நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பையோடு அவள் என்னைத் தாண்டிப் போனாள். அம்மா பின்னால் வருவாராக்கும் என்று நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷட்டர் சிக்கிக்கொண்டது, அதில் கவனமாகிவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து இவர் ஓடி வந்தார். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கிறது. "பாத்தோம். பையோட போச்சு. கேக்கல."

"அண்ணே, நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எந்தப் பக்கம் போனா?"

"கவனிக்கலங்க."

அவர் என்னை ஒரு விநாடி பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினார். அவசரத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். இந்தத் தடவை நிஜமாகவே. அதையும் பார்த்தேன், சொல்லவில்லை. அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் அவள் இல்லை. ஆறே கால் மதுரை பஸ் போய்விட்டது. ஜீப்பு டிரைவர்கள் ஆட்களை இறக்கி விட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் தேடப் போனார்கள். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு ரோட்டோரம் நின்றார்கள். ஒருவர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை. அந்தம்மா என் கடைப் படியில் உட்கார்ந்து, "நான்தான் கேக்காதீங்கன்னேன், நான்தான் கேக்காதீங்கன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டு மணி வாக்கில் தேனி ரோட்டுப் பக்கமிருந்து இரண்டு பேர் நடந்து வந்தார்கள். தர்ஷினி, தோளில் பையோடு. பக்கத்தில் கை படாமல் ஒரு முழம் தள்ளி, பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகப் பணியார அக்கா.

தேனியில் அவருடைய அக்கா மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம். அதே பஸ்ஸில் பின்சீட்டில் இருந்திருக்கிறார். பிள்ளை முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் முதலில் வாயைத் திறக்கவில்லை, கிளம்புகிற நேரம் கேட்கக்கூடாதே. அம்மா வேறு சீட்டில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டார். பஸ் ஊரைத் தாண்டியதும் அவருக்கு அடக்க முடியவில்லை. "அதான் கெளம்பியாச்சே, இனிமே கேட்டா என்னன்னு எந்திரிச்சுப் போய்க் கேட்டுட்டேன். தர்ஷி, ஒங்க ஆத்தா எங்கன்னேன். புள்ள ஜன்னலப் பாக்குது. பஸ்ஸ நிறுத்துய்யான்னு ஒரு சத்தம் போட்டேன்." இறங்கியபின் பிள்ளை ஆட்டோவில் ஏறாமல், ரோட்டை விட்டு வாய்க்கால் கரையோரமாக நடக்க ஆரம்பித்துவிட்டது, தேடிப் போன ஜீப்புகளின் கண்ணில் படவில்லை. மூன்று மைல் நடந்தே வந்திருக்கிறார், பட்டுச்சேலைக் கரை புழுதியில் புரள.

இவர் ரோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பணியார அக்கா அவர் முன்னால் வந்து மூச்சு வாங்க நின்று, முதலில் சொன்னது இதுதான்.

"மொதல்ல சட்டையத் திருப்பிப் போடுங்க."

அவர் சட்டையைக் கழற்றினார். மறுபடி போடவில்லை. அதையே முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

அடுத்த புதன்கிழமை கடைக்கு வந்தார். மச்சினன் மதுரையில் மறுபடி வீடு பார்த்திருக்கிறாராம், பயிற்சிப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெரு, இந்தத் தடவை கீழ்வீடு. வாரத்துக்கு ஒருநாள் கிடைப்பது அங்கே தினமும் கிடைக்கும். "வர்ற மாசம் காலி பண்ணிருவோம்போல. வீட்டுக்கு வேற ஆளு பாத்து வைங்கண்ணே" என்றார். இருங்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தினமும் பயிற்சி என்பது சின்ன விஷயமா? சரிங்க என்றேன். போகிறபோது எனக்கு எம்.எம். எதுவும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று பேரும் படியிறங்கினார்கள். அன்று அவரும் கூட வந்தார், பை அவர் தோளில். எதிர்வீட்டில் பணியார அக்கா முகத்தைத் திருப்பவில்லை.

"எங்க போறீக?" என்று கேட்டார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அவர் நின்று, "மதுரைக்குக்கா. பயிற்சிக்கு" என்றார். அடுத்த வாசலில் டீக்கடைக்காரர் கேட்டார். அவருக்கும் நின்று பதில் சொன்னார். ஜீப்புக்குள்ளிருந்து டிரைவர் கேட்டார், தூக்குவாளிப் பெண்கள் கேட்டார்கள். வாசலுக்கு வாசல் நின்று, சலிக்காமல், மதுரைக்கு, பயிற்சிக்கு, மூன்று பேரும்தான் என்று அந்தம்மாவே சொல்லிக்கொண்டு வந்தார். தர்ஷினி காதைப் பொத்திக்கொண்டு நடந்தாள். இவர் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

என் கடைக்கு வந்தார்கள். கிளம்புகிற ஒரு மனிதரைப் பார்த்து அதுவரை நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே கிடையாது.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டேன். அதோடு நிற்கவில்லை. "காலி பண்ணிட்டு எங்க போறீங்க? இந்தப் புள்ளயக் கூட்டிக்கிட்டு?"

அவர் பையை என் கடைப்படியில் இறக்கி வைத்தார். மனைவியைப் பார்த்தார். அந்தம்மா திரும்பித் தலையசைத்துவிட்டு மகளோடு ஒரு முழம் தள்ளி நடந்தார், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து.

"எங்கயும் போகலண்ணே," என்றார். "சாயங்காலம் வந்துருவோம். வேற ஆளு பாக்காதீங்க."

பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெரசாக அவர்கள் பின்னால் போனார். பத்தடி போனதும் திரும்பி நின்று, இரண்டு கையையும் தூக்கி எனக்கு விரல்களைக் காட்டினார். எண்ணிப் பார்த்தேன். ஏழு.